டைரக்டர் நாற்காலியில எங்க அத்த

இல்லண்ணா, அத புடிச்சி இழுத்தால்லாம் வராது. நாங்க இழுத்துப் பாத்துட்டோம். நாற்காலிதான் மடங்கும், எங்க அத்த மடங்காது. நீங்க மொதல்ல இப்டி நெழலுக்கு வாங்க. இந்த ஸ்டூல்ல உக்காருங்க. ஒரு காலு ஆடும், செவுத்துல சாச்சிக்கினீங்கன்னா ஒண்ணும் ஆவாது. நம்ம ஊட்டுக்கு வர்றவங்க எல்லாம் அதுலதான் உக்காருவாங்க, இதுவரிக்கும் ரெண்டு பேருதான் உயுந்திருக்காங்க.

இன்னா சொல்லிச்சி உங்கள? குறுக்க நிக்காத, தள்ளுன்னுச்சா? அய்யய்ய, தப்பா எடுத்துக்காதீங்க. உங்கள கரண்டு ஆபீஸ்லேந்து வந்தவருன்னு நெனச்சிக்கினு இருக்குது. நீங்க ஒண்ணும் சொல்லலியே? சினிமா கம்பெனி ஆளுன்னு சொல்லல இல்ல? அப்பாடா. சொல்லாதீங்க. நான் சொல்றப்ப சொன்னா போதும். ஏன்னா... அத அப்பால சொல்றேன். பொழுதோட சென்னைக்கிப் போயிடலாம், இன்னா அவசரம். டிரைவர் அண்ணனுக்கும் ஒரு சொம்பு மோரு குடுத்தனுப்பறேன்.

தோ, இந்த மொறத்த மடியில வெச்சிக்குங்க. சும்மாதான உக்காந்திருக்கீங்க, ஒரு கை உரிங்க. மல்லாட்டதான், நீங்க வேர்க்கடலம்பீங்க. வெதைக்கி உரிக்கறோம், அதனால உள்தோலு போவாம எடுக்கணும். தோலு போச்சின்னா மொளைக்காது. கட்டவெரலால மூக்குல ஒரு அமுக்கு. ஆங், அப்டித்தான். பரவால்லியே, சினிமாக்காரங்களுக்கும் வேல வருது.

நான் சுமலதா. அங்க புங்கமரத்தடியில உங்க நாற்காலியில கால் மேல கால் போட்டுக்கினு உக்காந்திருக்குதே, அதுக்கு மருமவ. அது பேரு குஞ்சம்மா. இந்தக் குட்டி எம் பொண்ணு மகாலட்சுமி. யே மகா, மாமா ஷூவ வாயில வெக்காத, துப்பு.

யாரு போன் பண்ணதா? ஊருன்னா நாலு பேரு இருப்பாங்க, எவங்களோ பண்ணியிருப்பாங்க. அத உடுங்க. உங்க டைரக்டர் சாரு அந்த நாற்காலி இல்லாம வேற எதுலயும் உக்கார மாட்டேங்கறாராமே, நெசமாவா? அடுத்த படத்துக்குப் பூச போட்டுட்டு நின்னுக்கினேவா எடுக்கறாரு? பாவம், காலு வலிக்காது? சென்டிமென்டுன்னா அப்டித்தான். எங்க ஊட்டுக்காரரு ஒரு கிழிஞ்ச பனியன வெச்சிருக்காரு, அத போட்டாதான் மோட்டாரு ஓடுதாம். நாலு மரக்கட்ட, ரெண்டு துண்டு துணி. அதுல இன்னாதான் இருக்குதுன்னு நீங்க நெனக்கிறீங்க, மூஞ்சிய பாத்தாலே தெரியுது. எனக்கு நல்லா தெரியும்ணா அதுல இன்னா இருக்குதுன்னு. அதுல உக்காந்தா அடுத்தவங்கள வேல வாங்கலாம். அவ்ளோதான் இருக்குது.

எங்க சிங்கவரம் மலைமேல பெருமாளு படுத்துக்கினு இருக்காரு, பாத்திருக்கீங்களா? பாறையிலயே செஞ்ச சாமி. அவர வேணா எழுப்பி உக்கார வெச்சிடலாம். எங்க அத்தைய அந்த நாற்காலியிலேந்து எழுப்ப முடியாது. மாட்டுக்குத் தண்ணி காட்ட எழுந்தாலும் மடக்கி இடுப்புல வெச்சிக்கினுதான் போவும். மகா பொறந்தப்ப கூட அவள அப்டித் தூக்கிக்கினு திரியல.

கேளுங்க, மொதல்லேந்து சொல்றேன். உங்களுக்கும் தெரியும்தான், ஆனா நீங்க கேமராவுக்கு அந்தாண்ட இருந்தவங்க. நாங்க இந்தாண்ட. எளையபெருமாளு இருக்காரு இல்ல, செஞ்சியில கூட்டத்துக்கு ஆளு புடிச்சி உடறவரு, அவரு வந்து, கோட்டையில ஷூட்டிங், ராஜா காலத்துப் படம், குடும்பத்தோட வாங்க, பிரியாணி உண்டுன்னு ஊரு பூரா சொல்லிட்டுப் போனாரு. அன்னிக்கி நூறு நாள் ஏரி வேலைக்கி ஒரு சனம் போவல. வேலைக்கி ஆளு இல்லாம, ஆளு கணக்கு எடுக்கற பொறுப்பாளருப் பொண்ணும் கோட்டைக்கே வந்துடுச்சி. எங்கள எல்லாம் கோட்டைக்குள்ள இருக்கற கல்யாண மகாலாண்ட வரிசையா நிக்க வெச்சீங்க. ராஜா சண்டைக்கிப் போறாரு, நாங்க அழுவணும். எனக்கு அழுவையே வரல. ராஜா கையில வாட்சி கட்டியிருந்தாரு.

அப்ப உங்க டைரக்டரு அந்த நாற்காலியிலேந்து எழுந்து வந்தாரு. கூட்டத்துக்குள்ள பூந்து, ஒவ்வொரு மூஞ்சியா பாத்துக்கினே வந்து, எங்க அத்தையாண்ட நின்னுட்டாரு. குனிஞ்சி பாத்தாரு. இந்தாண்ட நின்னு பாத்தாரு, அந்தாண்ட நின்னு பாத்தாரு. எங்க அத்தைக்கி வெக்கம். இன்னாய்யா, மாடு வாங்க வந்தியா, பல்லையும் காட்டணுமான்னு கேட்டுடுச்சி. அவரு கோச்சிக்கல. இந்தம்மாதான், இந்தம்மாதான்னு குதிச்சாரு. மத்தவங்கள எல்லாம் பின்னால தள்ளிட்டு, எங்க அத்தைய தனியா நிக்க வெச்சி, அம்மா, ராஜா போறாரு, திரும்பி வரமாட்டாரு, நீங்க மலையப் பாக்கணும், ஒரு சொட்டு கண்ணீரு, அவ்ளோதான்னாரு.

அவ்ளோதானாண்ணா? மாமனாரு செத்தப்ப கூட அப்டி அழுவல அது. மலையப் பாத்துது பாருங்க, எனக்கே ஒரு மாரி ஆயிடுச்சி. அந்த நேரம் பாத்து ஒரு கொரங்கு வந்து ராஜா தலையிலேந்து டோப்பாவ உருவிக்கினு செவுத்து மேல ஏறிடுச்சி. எல்லாரும் சிரிக்கறாங்க. கேமராக்காரரு சிரிக்கறாரு. எங்க அத்த மட்டும் சிரிக்கல, மலையையே பாத்துக்கினு நிக்குது. டைரக்டரு கை தட்டி, சூப்பர்மா, ஒன் மோர், ஒரே ஒரு ஒன் மோர்னாரு. சொல்லி வாய மூடல, மழ கொட்டிச்சி. எப்டி மழ! நீங்கள்லாம் வேனுக்கு ஓடனீங்க, நாங்க மண்டபத்துக்கு ஓடனோம். நான் மகாவ முந்தானையில சுத்திக்கினு திரும்பிப் பாக்கறேன், எங்க அத்த அதே எடத்துல நிக்குது. மழையில. மலையப் பாத்துக்கினு. நான் கத்தறேன், அத்தே வா, அத்தே வான்னு. வரல. அப்பறம் கேட்டா சொல்லுது, யாரும் கட்டு சொல்லலியேடி.

சிரிங்க, சிரிங்க. நாங்களும் சிரிச்சோம்.

உங்க வேனெல்லாம் போயிடுச்சி. புல்லு மேல நாற்காலி மட்டும் நனஞ்சிக்கினு இருந்துது. கம்பெனி சாமான் நனையுதேன்னு எங்க அத்ததான் மடக்கி, தலைக்கு மேல கொடை மாரி புடிச்சிக்கினு ஊடு வரிக்கும் கொண்டாந்துது. நாளைக்கி ஒன் மோருக்கு வருவாங்க, அப்ப குடுத்துக்கலாம்னுச்சி. வரல. அதுக்கு மறுநாளும் வரல. மழ உட்டு, ஏரி ரொம்பி, ஏரி காஞ்சி, மல்லாட்ட போட்டு புடுங்கியாச்சி. அது இன்னும் நாளைக்கி வருவாங்கன்னுதான் சொல்லிக்கினு இருக்குது.

உக்காராமயே வெச்சிருந்துதுண்ணா மொதல்ல. சாமி படத்தாண்ட மடக்கி சாத்தி வெச்சி, துணிக்கி விபூதி எல்லாம் வெச்சிது. அப்பறம் ஒரு நா முட்டி வலின்னு செத்த உக்காந்துது. போச்சி. அன்னிக்கோட எங்க ஊடு ஷூட்டிங் ஆயிடுச்சி.

எங்க ஊட்டுக்காரருக்கும் எனக்கும் அன்னிக்கி ஒரு சண்ட. பெருசா ஒண்ணும் இல்ல, கேஸு தீந்துடுச்சின்னு சொல்லலன்னு நான் கத்தறேன், சொன்னேன்னு அவரு கத்தறாரு. நல்லா சூடா போய்க்கினு இருக்குது. இது நாற்காலியில சாஞ்சிக்கினு முழுசா கேட்டுது. கேட்டுட்டு இன்னா சொல்லுது தெரியுமா? வளவா, நீ பேசறப்ப அவ மூஞ்சிய பாக்கல. சுமா, உனுக்கு சத்தம் பத்தல. ஒன் மோர். நாங்க ரெண்டு பேரும் திருதிருன்னு முயிக்கறோம். அட மறுக்கா மொதல்லேந்து போடுங்கடான்னுச்சி. ரெண்டாவது தடவ சண்ட போட்டா எங்கண்ணா வருது? அவரு கேஸுன்னு ஆரம்பிச்சாரு, எனக்கு சிரிப்பு வந்துட்டுது. அதுலேந்து எங்க ஊட்டுல ஒரு சண்டையும் ஒழுங்கா முடிஞ்சதில்ல. நல்லதுதான்ம்பீங்க. ஒரு பொண்டாட்டிக்கி அது எவ்ளோ கஷ்டம் தெரியுமா? மனசுல எவ்ளோ வெச்சிருக்கேன், எப்ப சொல்றது?

அந்தப் பக்கத்து மல்லாட்டைய எடுங்க, அது நல்லா காஞ்சது. யே மகா, மாமா செல்ல குடு. பரவால்ல இருக்கட்டும்ங்கறீங்களா? உங்க இஷ்டம். போன தடவ கொசு மருந்து அடிக்க வந்தவரு செல்ல எடுத்து மாட்டுத் தொட்டியில போட்டா.

நூறு நாள் வேலைக்கும் நாற்காலியோடதான் போவுது. ஏரிக்கரையில வேப்பமரத்தடியில விரிச்சிப் போட்டு உக்காந்துடும். மத்தவங்க மண்ணு வெட்டி கூடையில அள்ளி கரையில கொட்டணும். இது பாத்துக்கினே இருக்கும். யே செல்லம்மா, கூடைய எறக்கறப்ப மொகம் தெரியல, ஒன் மோர். அந்தம்மா இன்னா பண்ணும், கொட்டின மண்ண மறுபடியும் அள்ளிக்கினு வந்து கொட்டுது! திட்டிக்கினேதான் கொட்டுது, ஆனா கொட்டுது. அந்த நாற்காலியில உக்காந்து சொன்னா செஞ்சிடறாங்கண்ணா, அதான் எனக்கு ஆச்சரியம். காலையில ஒருவாட்டி, மதியம் ஒருவாட்டி பொறுப்பாளருப் பொண்ணு செல்லுல போட்டோ எடுக்கணும், அதுல மூஞ்சி இருந்தாதான் வேலைக்கி வந்ததா கணக்கு. அந்த போட்டோவ எங்க அத்ததான் எடுக்க வெக்குது. நெட்டையெல்லாம் பின்னால, குட்டையெல்லாம் முன்னால, நீ சோகமா பாரு, நீ மம்பட்டிய ஓங்கிக்கினு நில்லு. ஆபீஸ்ல போட்டோவ பாத்துட்டு, இன்னாம்மா உங்க ஊருல ஏரி வெட்டறீங்களா, போருக்குப் போறீங்களான்னு கேட்டாங்களாம்.

அன்னிக்கி ஒரு கடப்பாறைய கரையில நட்டு, யாரோ அதும் மேல துண்டும் தொப்பியும் மாட்டி வெச்சிருந்தாங்க. இது அத அர நாளு பாத்துட்டு, எல்லாரையும் கூப்ட்டு சொல்லுது, நீங்களும் இருக்கீங்களே, அவரப் பாருங்கடி, சொன்ன எடத்துல அசையாம நிக்கறாரு, அவருதான் ஆர்டிஸ்ட்டு. ஏரியே உயுந்து உயுந்து சிரிச்சிது.

அன்புக்கரசி கதைய கேளுங்க. அடுத்த ஊட்டுப் பொண்ணு, நர்சு படிச்சிருக்கா. அவள பொண்ணு பாக்க தீவனூராண்டேந்து வந்தாங்க. எங்க அத்தையும் போச்சி, எத இடுப்புல வெச்சிக்கினு போச்சின்னு நான் சொல்லணுமா? நடு ஊட்டுல விரிச்சிப் போட்டுக்கினு உக்காந்துடுச்சி. பொண்ணு காபித் தட்டோட வர்றா. எங்க அத்த கைய தூக்கி, நில்லும்மா, தலைய குனிஞ்சிக்கினே வர்ற, மாப்ள யாருன்னு உனுக்கே தெரியல, போய்ட்டு மறுபடியும் வான்னுச்சி. அவளும் போயிட்டு வந்தா. இப்ப வேகமா வந்துட்ட, ஒன் மோர். மாப்ள ஊட்டுக்காரங்க ஒருத்தர ஒருத்தர் பாக்கறாங்க. ஒருவேள இந்த ஊரு வழக்கம் போலன்னு நெனச்சிக்கினு உக்காந்திருந்தாங்க. மாப்ளைய மட்டும் உட்டுதா? தம்பி, டம்ளர எடுக்கறப்ப பொண்ண பாக்கணும், பிஸ்கட்ட பாக்கக் கூடாதுன்னுச்சி. காபி ஆறியே போச்சி. கடைசியில அந்த மாப்ளயோட அம்மா சொல்லிச்சாம், இவ்ளோ தடவ நடக்க வெச்சும் ஒரு மொகம் சுளிக்கல, இந்தப் பொண்ணுதான் நம்ம ஊட்டுக்கு வேணும்னு. முடிஞ்சிடுச்சிண்ணா! கல்யாணமே முடிஞ்சிடுச்சி! அதுலேந்து எங்க அத்தைக்கி இன்னும் தெம்பு.

அந்தக் கல்யாணத்துக்கு இன்னா கட்டிக்கினு வந்துது தெரியுமா? அதே பொடவ. ஷூட்டிங் அன்னிக்கி கட்டியிருந்ததே, அரக்கு கலர்ல, ஓரத்துல தையல் போட்டது. எங்க ஊட்டுக்காரரு புதுப் பொடவ எடுத்துக் குடுத்தாரு, தொட்டுக்கூடப் பாக்கல. ஏன்னு கேளுங்க. உங்க ஆளுதாண்ணா காரணம். கண்ணாடி போட்ட ஒரு தம்பி, மழையில வேனு கெளம்பறதுக்குள்ள கொடையோட ஓடியாந்து, கையில பெரிய செல்லு மாரி ஒண்ணு வெச்சிக்கினு, எங்க அத்தைய முன்னால, பின்னால, கையி, காலு எல்லாம் படம் புடிச்சிட்டு, பாட்டி, ஒன் மோர் பாக்கி இருக்குது, இப்ப எப்டி இருக்கீங்களோ அப்டியே இருக்கணும், பொடவ மாறக்கூடாது, வளையலு மாறக்கூடாது, எதுவுமே மாறக்கூடாது, கண்டினியூட்டின்னு சொல்லிட்டுப் போச்சி. அந்தத் தம்பி அடுத்த நாளைக்கித்தான் சொல்லியிருக்கும். இது ஆயுசுக்கும் புடிச்சிக்கிச்சி.

கிட்டப் போனீங்களே, தாடையில பிளாஸ்திரி பாத்தீங்களா? காயமே இல்லண்ணா அங்க! ஷூட்டிங்குக்கு மொத நாளு ஆடு முட்டிச்சி, பிளாஸ்திரி போட்டிருந்துது. காயம் எப்பவோ ஆறிப்போச்சி. இன்னும் குளிச்சிட்டு வந்தா புதுசா ஒண்ணு ஒட்டிக்குது. ஒருவாட்டி நான் ஒட்டி உடறப்ப இந்தப் பக்கம் மாத்தி ஒட்டிட்டேன். அய்யோ, இன்னா கத்து! டைரக்டரு கேட்டா நீதான் பதில் சொல்லணும்னுச்சி. எடது கையில மூணு வளையலு, வலது கையில ரெண்டு, அதே கணக்கு. வளைகாப்புக்குப் போனா கூட புது வளையலு போட்டுக்காது. மருந்துக் கடைக்காரரு என்னப் பாத்தாலே பிளாஸ்திரி டப்பாவ எடுத்து வெச்சிடறாரு.

தோ கேக்குதா? செங்கல்லு எறக்கறாங்க எதிர்ல, புது ஊடு கட்டறாங்க. கேளுங்க, கேளுங்க. பாத்தீங்களா, லாரிய பின்னால எடுத்துக்கினு போயி மறுபடியும் வரச் சொல்லுது! டிரைவரு எடுக்கறாருண்ணா! நான் சொன்னேன் இல்ல.

இன்னொண்ணு சொல்றேன், சிரிக்காதீங்க. முந்தாநேத்து மகாவுக்கு சோறு ஊட்டறேன்னு பருப்பு சாதம் பெசஞ்சி எடுத்துக்கினு போயி மரத்தடியில உக்காந்துது. நான் துணி தொவச்சிக்கினு இருக்கேன். கொஞ்ச நேரம் கழிச்சி அங்கேந்து சந்தோசமா கத்துது, யே சுமா, உன் பொண்ணு இன்னிக்கி ஒரு வாயி கூட துப்பலடி, மொத்தத்தையும் துன்னுட்டா, தலைய தடவிக் குடுத்தா வாலு... வாலா? நான் ஓடிப் போய்ப் பாக்கறேன், பக்கத்து ஊட்டு நாய்க்குட்டி. உள்ள மகா பசியில அரிசி டப்பாவ கவுத்து உக்காந்திருக்கா. நாய்க்குட்டிக்கி அன்னிலேந்து இங்கதான் சாப்பாடு. சோறு வாங்கறப்ப அது மட்டும்தான் ஒன் மோர் கேக்குது.

சிரிக்காதீங்கன்னு சொன்னேன் இல்ல. சரி, நானும்தான் சிரிச்சேன். சிரிச்சிட்டு, பின்னால போயி துணியோட உக்காந்துக்கினேன் செத்த நேரம்.

இன்னாண்ணா? இன்னா சொன்னீங்க? மெதுவா பேசுங்க. அதுக்குக் காது மட்டும் பாம்புக் காது. படம் முடிஞ்சிடுச்சா? கொரங்கு, மழ எல்லாம் பாத்துட்டு அந்த சீனே வேணாம்னு எடுத்துட்டாங்களா?

தெரியும்ணா. எளையபெருமாளு எப்பவோ சொல்லிட்டாரு. எங்க ஊட்டுக்காரருக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். அதுக்கு மட்டும்தான் தெரியாது. ஏரி வேலைக்கி அத்தன வாயி வருது, மண்ண ரெண்டு தடவ கொட்டுது, அத்தனையும் திட்டுது. ஒரு வாயி கூட இத சொல்லலண்ணா. செல்லம்மா கூட சொல்லல. எங்க ஊருல ஒரு விசயம் ஒரு நா தங்காது. இது தங்கிக்கினு இருக்குது.

மொறம் ரொம்பிடுச்சா? குடுங்க இப்டி. நல்லா உரிச்சிருக்கீங்க, ஒண்ணுத்துக்கும் தோலு போவல. உங்களுக்கு வேலயில பொறும இருக்குது. அதான் உங்ககிட்ட சொல்லலாம்னு தோணுது.

போன் பண்ணது நான்தான்.

மொதல்ல நாற்காலிக்குப் பண்ணல. எளையபெருமாள்கிட்ட நம்பரு வாங்கி, எங்க அத்தைக்கி ஒரு ஒன் மோர் பாக்கி இருக்குது, யாராவது ஒருத்தரு வந்துட்டுப் போங்கன்னு பண்ணேன். சார்கிட்ட சொல்றோம்னாங்க. மறுபடியும் பண்ணேன், சாரு மீட்டிங்ல இருக்காருன்னாங்க. அப்பறம் பண்ணேன், எடுக்கவே இல்ல. நேத்துதான் வேற ஒரு நம்பருக்குப் பண்ணி, சாரோட நாற்காலி சிங்கவரத்துல இருக்குதுன்னு ஒரே ஒரு வார்த்த சொன்னேன். இன்னிக்கி வண்டி வந்து நிக்குது. நான் கொற சொல்லலண்ணா. உங்களுக்கு உங்க வேல. எனக்கு ஒரு ஆளு வேணும், வந்துட்டீங்க. அது போதும்.

அதுக்குக் கண்ணுல பொற விழுந்திருக்குது. ரெண்டு கண்ணுலயும். உங்க டைரக்டரு குனிஞ்சி குனிஞ்சி பாத்தாரு பாருங்க, அந்த எடது கண்ணத்தான் பாத்தாரு. பால ஊத்தின மாரி வெள்ளையா இருக்கும். அம்மா, இந்தக் கண்ணு எத்தன மேக்கப்பு போட்டாலும் வராது, இது அப்டியே இருக்கட்டும்னாரு. சந்தோசத்துல சொன்னாரு, நல்ல மனுசன்தான். அவருக்கு இன்னா தெரியும், எங்க அத்தையோட கண்ண நல்லாருக்குன்னு இதுவரிக்கும் யாரும் சொன்னதில்லன்னு? ஆபரேஷன் பண்ற வண்டி ரெண்டுவாட்டி ஊருக்கு வந்துட்டுப் போயிடுச்சி. காசெல்லாம் கேக்க மாட்டாங்க, கூட்டிக்கினு போயி கூட்டியாந்து உட்டுடுவாங்க. ரெண்டுவாட்டியும் நாற்காலிய எடுத்துக்கினு மல்லாட்டக் கொல்லிக்கிப் போயி ஒளிஞ்சிக்கிச்சி. கண்ண மாத்திட்டா கண்டினியூட்டி போயிடும்டின்னு எங்கிட்ட சொல்லுது. ஷூட்டிங்குக்காரங்க வந்து பாத்துட்டு, இந்தம்மா இல்லன்னு திரும்பிப் போயிட்டா இன்னா பண்றதுன்னு கேக்குது.

எங்க ஊட்டுக்காரரு டைரக்டரு மாரி குரல மாத்தி போன்ல பேசிக்கூடப் பாத்தாரு. பாட்டிம்மா, நான் சென்னைலேந்து டைரக்டரு பேசறேன்னாரு. இது, வளவா, மத்தியானம் சாப்டியாடான்னு கேட்டுது.

டாக்டரு முத்திப்போச்சின்னுட்டாரு. இனிமே தள்ளினா அவராலயும் ஒண்ணும் பண்ண முடியாதாம். நாளைக்கிக் காலையில பள்ளிக்கூடத்தாண்ட வண்டி வருது.

அதனால நீங்க ஒண்ணும் பெருசா பண்ண வேணாம். படத்துல வரும்னு பொய் சொல்லாதீங்க, அது கேக்கவும் கேக்காது. கேமரா இல்லன்னா பரவால்ல. தோ அந்தச் செல்ல மகாகிட்டேந்து வாங்கிக்குங்க, எச்சிய தொடச்சிட்டுத் தூக்கிப் புடிங்க. ஆக்‌ஷன்னு சொல்லுங்க. அது மலையப் பாக்கும். பாக்கட்டும், அவசரப்படுத்தாதீங்க. ஒரு சொட்டு வரும். வந்ததும் ஓகேன்னு சொல்லிட்டு, அம்மா, கண்டினியூட்டி முடிஞ்சிச்சி, இனிமே பொடவ, வளையலு, கண்ணு எத வேணாலும் மாத்திக்கலாம்னு சொல்லுங்க. கண்ண மறந்துடாம சேத்து சொல்லுங்க. அப்பறம் அந்தக் கட்டு. அத நல்லா சத்தமா சொல்லிடுங்கண்ணா. அன்னிக்கி மழையில யாரும் சொல்லல பாருங்க. அது இன்னும் அங்கயேதான் நின்னுக்கினு இருக்குது.

நாற்காலியா? அத அதுவே மடக்கிக் குடுக்கும், பாருங்க. கம்பெனி சாமான்னு அதுக்குத் தெரியாதா? துணிய தொவச்சி, கட்டைக்கி எண்ண தடவி வெச்சிருக்குது. உங்க சாரு உக்காரலாம். ஆனா ஒண்ணு, போவறப்ப நீங்க அதுல உக்காந்துக்கினு போவாதீங்க. உங்க டிரைவரு பாவம்.

எழுந்திருங்க. ஸ்டூலு ஆடும், பாத்து. சட்டையில மல்லாட்டத் தோலு ஒட்டியிருக்குது, தட்டிக்குங்க, கம்பெனி ஆளு மாரி இருக்கணும் இல்ல. நான் கூப்படறேன்.

அத்தே! யே அத்தே! அந்த லாரிய உட்டுட்டு வா! கரண்டு ஆபீஸ் இல்ல, சென்னைலேந்து கம்பெனிக்காரங்க வந்திருக்காங்க! ஒன் மோராம்!

பாத்தீங்களா, எழுந்துடுச்சா. வெறுங்கால்ல எப்டி ஓடியாருது பாருங்க. பிளாஸ்திரிய தொட்டுப் பாக்குது, வளையல எண்ணுது. இரு அத்த, மெதுவா, கல்லு இருக்குது. ஆங், அங்கயே நில்லு. ரெடின்னு சொல்லுதுண்ணா, நீங்க செல்ல தூக்குங்க.

அய்ய, அப்டி இல்ல அத்த. அது கரண்டு கம்பம். கேமரா இந்தாண்ட இருக்குது.